தொட்டியில் தக்காளி: முதன்முறை வளர்ப்பவர்களுக்கு

தரையில் நட்ட தக்காளிச் செடிக்கு மேல்மண் காய்ந்துபோனாலும் ஒரு வழி இருக்கிறது. வேரைக் கீழே அனுப்பி, ஒரு மீட்டர் ஆழத்தில் இருக்கும் ஈரத்தைக்கூடத் தேடிப் பிடித்துக்கொள்ளும். தொட்டிச் செடிக்கு அந்த வழி இல்லை. நாம் கொட்டிய கலவை, நாம் ஊற்றிய தண்ணீர், நாம் போட்ட உரம், இவற்றைத் தாண்டி அதற்கு எதுவும் கிடைக்காது. புதிதாகத் தக்காளி வைப்பவர்கள் பெரும்பாலும் பூச்சி மருந்தைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். ஆனால் இலை மஞ்சளாவது, பிஞ்சின் அடி கருத்துப்போவது, பழம் வெடிப்பது போன்ற பல தொல்லைகளுக்குக் காரணம் தொட்டிக்குள்ளேயே இருக்கும். ஒன்று வேருக்கு இடம் போதாது, இல்லையென்றால் தண்ணீர் ஒரு சீராகப் போயிருக்காது. அதனால் இங்கே தொட்டிக்கும் தண்ணீருக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

இடமும் காலமும்

தக்காளிக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 6 மணி நேரம் நேரடி வெயில் வேண்டும். 8 மணி நேரம் கிடைத்தால் இன்னும் நல்லது. "வெளிச்சம் நன்றாக வருகிறது" என்பது வேறு, இலைமேல் வெயில் விழுவது வேறு. தொட்டி வைக்க நினைக்கும் இடத்தை ஒரு நாள் காலை, மதியம், மாலை என்று போய்ப் பாருங்கள். எத்தனை மணிக்கு வெயில் வருகிறது, எப்போது சுவர் நிழல் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நான்கைந்து மணி நேரம்தான் கிடைக்கும் என்றால் பெரிய பழ ரகங்களை விட்டுவிட்டு செர்ரி தக்காளி வையுங்கள். கொஞ்சமாவது காய்க்கும்.

காலத்தைத் தேர்வு செய்யும்போது விதைக்கிற நாளின் வெயிலைப் பார்த்தால் போதாது, பூக்கிற நாளின் வெயிலைப் பார்க்க வேண்டும். பகலில் 21 முதல் 29 டிகிரி செல்சியஸ், இரவில் 15 முதல் 20 டிகிரி இருந்தால் காய் நன்றாகப் பிடிக்கும். பகல் 35 டிகிரியைத் தாண்டினாலோ, இரவில்கூட 24 டிகிரிக்குக் கீழே இறங்காமல் இருந்தாலோ மகரந்தம் கெட்டுப் பூக்கள் கொட்டத் தொடங்கும். இரவு 13 டிகிரிக்குக் கீழே போனாலும் இதே கதைதான். விதை போட்டதிலிருந்து பூ வர ஏறக்குறைய 10 வாரம் ஆகும். ஆகவே உங்கள் ஊரில் இதமான காலம் எப்போது என்று பார்த்து, அங்கிருந்து 10 வாரம் பின்னால் எண்ணி விதை போடுங்கள்.

எந்த ரகம்

தக்காளியில் நூற்றுக்கணக்கான ரகங்கள் இருந்தாலும், தொட்டிக்காரர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒரே ஒரு பிரிவைத்தான். ஒரு வகை, ஓர் அளவுக்கு வளர்ந்ததும் நுனியில் பூங்கொத்து விட்டு நின்றுவிடும். காய்களும் சில வாரங்களுக்குள் மொத்தமாக வந்து முடியும். விதைப் பாக்கெட்டில் இதை 'டிட்டர்மினேட்' என்று போட்டிருப்பார்கள். இன்னொரு வகை கொடி மாதிரி போய்க்கொண்டே இருக்கும். இரண்டு மீட்டருக்கு மேல் வளரும், உயிரோடு இருக்கும்வரை பூக்கும். அது 'இன்டிட்டர்மினேட்'. தானாக நின்றுவிடும் குணம் 1914-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயற்கையாகத் தோன்றிய ஒரு மரபணு மாற்றத்தால் வந்தது. இன்று தொட்டியில் அடங்கி வளரும் ரகங்கள் பலவற்றுக்கு அந்த ஒரு மாற்றம்தான் அடிப்படை.

முதன்முறை என்றால் முதல் வகையையே எடுங்கள். ரோமா நல்ல தேர்வு, பால்கனிக்கென்றே உருவாக்கிய பேஷியோவும் அப்படித்தான். இடம் ரொம்பக் குறைவு என்றால் டைனி டிம் போன்ற குட்டைச் செர்ரி ரகம் வைக்கலாம். இதிலேயே மிகச் சிறியது மைக்ரோ டாம். ஃபுளோரிடா பல்கலைக்கழகத்தில் உருவாக்கி 1989-இல் வெளியிட்ட ரகம் இது. ஒரு சாண் உயரத்துக்குள் நின்றுவிடும், இரண்டு லிட்டர் தொட்டியே போதும். சன்கோல்டு, ஸ்வீட் மில்லியன் போன்ற கொடி ரகங்களின் சுவைக்கு ஆசைப்பட்டு அவற்றைத்தான் வைப்பேன் என்றால் தாராளமாக வையுங்கள். ஆனால் அதற்கேற்ற பெரிய தொட்டியையும் உயரமான முட்டுக்கம்பையும் முதலிலேயே தயார் செய்துகொள்ளுங்கள்.

தொட்டி

இங்கேதான் பலரும் கை இறுக்குகிறார்கள். நாற்று சின்னதாக இருக்கிறதே என்று சின்னத் தொட்டியில் வைக்கிறார்கள். ஆறாவது வாரத்தில் வேர் தொட்டியைச் சுற்றிச் சுற்றி அடைத்துக்கொள்கிறது. அப்புறம் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. மைக்ரோ டாமை விட்டுவிடுங்கள்; மற்றபடி குட்டைச் செர்ரி ரகத்துக்கு 8 முதல் 10 லிட்டர், தானாக நிற்கும் ரகத்துக்கு 20 லிட்டர், கொடி ரகத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆழம் குறைந்தது 30 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு தொட்டிக்கு ஒரு செடிதான். இரண்டு வைத்தால் இரட்டிப்பாகக் காய்க்காது, இரண்டும் ஒரே தண்ணீருக்குப் போட்டி போடும்.

எந்தப் பொருளில் செய்தது என்பது இரண்டாம்பட்சம். பிளாஸ்டிக் வாளி, குரோ பேக், பழைய டிரம் எதுவும் சரிதான். மண் தொட்டியின் சுவர் வழியாகவும் ஈரம் ஆவியாகும், அதனால் அதற்கு அடிக்கடி தண்ணீர் வேண்டும். கறுப்பு பிளாஸ்டிக் நேரடி வெயிலில் சூடேறி ஓரத்து வேரைச் சுட்டுவிடும். அப்படி இருந்தால் வெளிப்பக்கம் வெள்ளைத் துணியோ சாக்கோ சுற்றிவிடுங்கள்.

அடியில் விரல் பருமனுக்கு ஐந்தாறு ஓட்டைகள் கட்டாயம் வேண்டும். தொட்டியைத் தரையோடு தரையாக வைக்காமல் இரண்டு செங்கல்மேல் தூக்கி வையுங்கள். இல்லாவிட்டால் ஓட்டை இருந்தும் தண்ணீர் வெளியேற வழி இருக்காது.

அடியில் கூழாங்கல், ஓட்டுத்துண்டு போட்டால் தண்ணீர் நன்றாக வடியும் என்று காலங்காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அது உண்மை இல்லை. நுண்ணிய துவாரங்கள் உள்ள கலவையிலிருந்து பெரிய இடைவெளிகள் உள்ள கல்லடுக்குக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே உள்ள கலவை முழுக்க நனைந்து தெவிட்டிய பிறகுதான் சொட்டத் தொடங்கும். ஆக, கல் போட்டால் தெவிட்டிய ஈரப்பகுதி கல்லுக்கு மேலே ஏறிக்கொள்ளும், வேருக்குக் காற்றோட்டமான இடம் அந்த அளவுக்குக் குறையும். ஓட்டை வழியாகக் கலவை கொட்டாமல் இருக்க ஒரு துண்டு கொசுவலையோ பழைய துணியோ போட்டால் போதும்.

20 லிட்டர் தொட்டி ஈரக் கலவையோடு 15 கிலோவுக்கு மேல் போகும். வைக்க வேண்டிய இடத்தில் வைத்துவிட்டு அங்கேயே நிரப்புங்கள்.

கலவை

தோட்டமண்ணை மட்டும் அள்ளிப் போட்டால் நாலு முறை தண்ணீர் ஊற்றியதும் இறுகிவிடும். தரையில் மண்புழுவும் மற்ற வேர்களும் மண்ணைத் துளைத்துக்கொண்டே இருக்கும், தொட்டியில் அந்த வேலையைச் செய்ய ஆள் இல்லை. நான் சொல்லும் அளவு இது: பத்துப் பங்கில் நான்கு பங்கு தேங்காய் நார்த்தூள், மூன்று பங்கு நன்றாக மக்கிய தொழு உரம் அல்லது மண்புழு உரம், இரண்டு பங்கு தோட்டமண், ஒரு பங்கு பெர்லைட் (கலவையை இளக்கமாக வைக்கும் லேசான வெள்ளைத் துகள்) அல்லது கரடான மணல். அங்கே இங்கே ஒரு கை கூடக் குறைய இருந்தால் ஒன்றும் கெட்டுவிடாது.

தேங்காய் நார்த்தூள் கட்டியாக வாங்கினால் ஊறவைத்து உதிர்த்ததோடு விட்டுவிடாதீர்கள். அதில் உப்பு தங்கியிருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிப் பிழியுங்கள். முதல் முறை அடர் பழுப்பாக வடியும் நீர் வெளிறிப்போகும் வரை அலச வேண்டும். இதைச் செய்யாமல் நட்ட நாற்றுகளின் இலை ஓரம் கருகினால், நோய் என்று பயந்து மருந்து தேடாதீர்கள். முதலில் உப்பைச் சந்தேகப்படுங்கள்.

தொழு உரத்தை மோந்து பாருங்கள். மழை பெய்த மண்ணின் வாசனை வந்தால் மக்கிவிட்டது. மூக்கில் ஏறும் காரநெடி வந்தாலோ, குவியலுக்குள் கை விட்டால் சூடாக இருந்தாலோ இன்னும் சில வாரம் போகட்டும்.

எல்லாவற்றையும் கலந்து, லேசாக நனைத்து, ஒரு கை அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். விரல் இடுக்கில் ஒன்றிரண்டு சொட்டு எட்டிப் பார்க்க வேண்டும். கையைத் திறந்து கட்டைவிரலால் தொட்டால் உருண்டை பொலபொலவென்று உதிர வேண்டும். உதிராமல் பிசைந்த மாதிரி நின்றால் மண் அதிகம், நார்த்தூளும் பெர்லைட்டும் இன்னும் கொஞ்சம் சேருங்கள். உருண்டையே பிடிக்க முடியாவிட்டால் உரம் கொஞ்சம் கூட்டுங்கள். பி.எச். (மண்ணின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவு பார்க்க முடிந்தவர்களுக்கு: 6 முதல் 6.8 வரை இருந்தால் சரி.

தொட்டியின் விளிம்பிலிருந்து நான்கு விரல் கீழே வரை மட்டும் நிரப்புங்கள். தண்ணீர் நின்று இறங்க அந்த இடம் வேண்டும்.

விதையிலிருந்து நாற்று

விதையைக் குழித்தட்டிலோ, அடியில் துளையிட்ட பேப்பர் கப்பிலோ போடலாம். நார்த்தூளும் சலித்த மண்புழு உரமும் சரிபாதியாகக் கலந்து, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் குழிக்கு இரண்டு விதை. 21 முதல் 27 டிகிரியில் 5 முதல் 10 நாளில் முளைத்துவிடும். முளைக்கும்வரை வெளிச்சம் தேவையில்லை, முளைத்த அன்றே தேவை. ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும்.

நாற்று தரைமட்டத்தில் சுருங்கி, கிள்ளிவிட்டதுபோல் விழுந்தால் அது நாற்றழுகல். ஈரம் அதிகமாகி, காற்றோட்டம் குறைந்தால் பூஞ்சை செய்யும் வேலை. விழுந்ததைக் காப்பாற்ற முடியாது. மற்றவற்றுக்கு மேலிருந்து ஊற்றுவதை நிறுத்தி, தட்டில் தண்ணீர் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். இரண்டும் முளைத்த குழியில் மெலிந்ததைக் கத்தரியால் வெட்டிவிடுங்கள். பிடுங்கினால் பக்கத்து நாற்றின் வேரும் சேர்ந்து வரும்.

ஐந்தாறு வாரத்தில் நாற்று ஒரு சாண் உயரம், பென்சில் பருமனுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும். நர்சரியில் வாங்குகிறவர்கள் இந்த அளவிலேயே, பூ வராத நாற்றாகப் பார்த்து வாங்குங்கள். சின்னக் கப்பில் ஏற்கெனவே பூத்து நிற்கும் நாற்று பார்க்க ஆசையாக இருக்கும். ஆனால் வேர் நெருக்கடியில்தான் அது முந்திப் பூத்திருக்கும். இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமல் எந்த நாற்றையும் வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். வெள்ளை ஈ இருப்பது அங்கேதான்.

நிழலில் வளர்ந்த நாற்றை நேராக வெயிலில் வைத்தால் இலை வெளுத்துக் காய்ந்துவிடும். ஒரு வாரம் பழக்குங்கள். முதல் நாள் ஒரு மணி நேரக் காலை வெயில், தினமும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே போய், கடைசியில் நாள் முழுக்க.

நடுவது

சாயங்காலத்தில் நடுங்கள். கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் மூன்றில் இரண்டு பங்கு மண்ணுக்குள் போகும்படி ஆழமாகப் புதையுங்கள். மற்ற செடிகளில் பலவற்றுக்கு இப்படிச் செய்தால் தண்டு அழுகும். தக்காளித் தண்டோ, மண் பட்ட இடமெல்லாம் புது வேர் விடும். பழைய தண்டுகளின் அடியில் சின்னச் சின்ன முண்டுகளாகத் தெரிவது அந்த வேர்களின் முளைதான். தொட்டியில் ஒவ்வொரு வேரும் முக்கியம் என்பதால் இந்த ஒரு வேலையைத் தவறவிடாதீர்கள்.

முட்டுக்கம்பையும் அன்றே ஊன்றிவிடுங்கள். ஒரு மாதம் கழித்து ஊன்றினால் வேரைக் கிழித்துக்கொண்டுதான் போகும். நட்டதும் அடியில் வடியும்வரை தண்ணீர் விட்டு, இரண்டு நாள் பாதி நிழலில் வைத்திருங்கள்.

தண்ணீர்

"தினமும் எவ்வளவு ஊற்ற வேண்டும்?" என்ற கேள்விக்கு ஒரே அளவாகப் பதில் கிடையாது. நட்ட வாரத்தில் அரை லிட்டர் போதும். அதே செடி காய்த்து நிற்கும்போது கடும் வெயிலில் ஒரே நாளில் இரண்டு மூன்று லிட்டர் குடித்துவிடும். அளவை மனப்பாடம் செய்வதைவிட, தொட்டியிடம் கேட்கத் தெரிந்துகொள்வது நல்லது. விரலை இரண்டாவது கணு வரை கலவைக்குள் விடுங்கள். நுனியில் ஈரம் தட்டினால் இன்று வேண்டாம். மேலே காய்ந்து தெரிவதை நம்பாதீர்கள். நார்த்தூள் மேலே வெளுத்திருந்தாலும் கீழே சொதசொதவென்று இருக்கும்.

இன்னும் நல்ல வழி, தொட்டியை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்ப்பது. தண்ணீர் விட்டு வடிந்ததும் ஒருமுறை விளிம்பைப் பிடித்துச் சாயுங்கள், கனம் கைக்குத் தெரியும். மறுநாள், அதற்கு மறுநாள் என்று அதே மாதிரி சாய்த்துப் பாருங்கள். ஒரு வாரத்தில் கையே சொல்லிவிடும். செடி துவள்வதற்கு முந்தைய கனம் எது என்று தெரிந்துவிட்டால், அப்புறம் விரல்கூட விட வேண்டியதில்லை.

ஊற்றும்போது அடி ஓட்டையில் வடியும்வரை ஊற்றுங்கள். தினம் ஒரு டம்ளர் தெளித்தால் மேலே மூன்று விரல் மட்டும் நனையும், வேரும் அங்கேயே மேலாக ஓடி வெயிலில் வாடும். உப்பும் வெளியேறாமல் தங்கும். காலையில் ஊற்றுவது நல்லது. இலையை நனைக்காமல் அடியில் விடுங்கள்.

கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால் சுருங்கித் தொட்டிச் சுவரை விட்டு விலகிவிடும். அந்தச் சமயத்தில் ஊற்றும் தண்ணீர் இடுக்கு வழியாக ஓடி உடனே அடியில் கொட்டும். பார்ப்பவர்களுக்கு நன்றாக நனைந்துவிட்டது போல் தெரியும், நடுவில் பொடியாகவே இருக்கும். அப்படி ஆனால் தொட்டியை ஓர் அகலமான டப்பில் கால்பங்கு தண்ணீரில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால், பத்து நிமிட இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நான்கைந்து முறை ஊற்றுங்கள்.

உச்சிவெயிலில் இலை தொங்குவதைப் பார்த்ததும் ஓடிப்போய்த் தண்ணீர் ஊற்றாதீர்கள். வேர் உறிஞ்சுவதைவிட இலை வேகமாக ஆவியாக்கும்போது நன்றாக இருக்கும் செடியும் கொஞ்சம் துவளும். மாலையில் தானாக நிமிர்ந்தால் ஒரு பிரச்சினையும் இல்லை. மாலையிலும் தொங்கிக்கொண்டே இருந்தால் தொட்டியைச் சாய்த்துப் பாருங்கள். லேசாக இருந்தால் தாகம். கனமாக இருந்தும் செடி வாடியிருந்தால் வேரில் கோளாறு, இன்னும் தண்ணீர் விட்டால் மோசமாகும்.

சரி, பிஞ்சின் அடிப்பக்கம் கருத்துத் தோல் மாதிரி அமுங்கிப்போகிறதே, அது என்ன? நோய் இல்லை. அந்த இடத்துக்குச் சுண்ணாம்புச் சத்து, அதாவது கால்சியம், போய்ச் சேரவில்லை. பெரும்பாலும் மண்ணில் கால்சியம் இருக்கும். ஆனால் அது தண்ணீரோடு சேர்ந்துதான் செடிக்குள் நகரும். இலைகள் நிறைய நீரை ஆவியாக்குவதால் தண்ணீர் அங்கேதான் இழுபடும். காய் மிகக் குறைவாகவே ஆவியாக்கும் என்பதால் கடைசியில் நிற்கும். ஒருநாள் காயவிட்டு மறுநாள் வெள்ளமாக ஊற்றினால், முதலில் பட்டினி கிடப்பது காயின் அடிப்பக்கம்தான். முட்டை ஓடு பொடித்துப் போடச் சொல்வார்கள். அது மண்ணில் கரைய மாதக்கணக்கில் ஆகும், இந்தச் செடியின் இந்தக் காய்க்கு உதவாது. கருத்த காயைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தண்ணீரைச் சீராக்குங்கள். அடுத்த கொத்து நன்றாக வரும். தழைச்சத்து (நைட்ரஜன்) உரம் அதிகம் போட்டாலும் இந்தத் தொல்லை கூடும்.

பழம் வெடிப்பதும் இதே சங்கதிதான். காய்ந்து கிடந்த செடிக்குத் திடீரென்று நிறையத் தண்ணீர் கிடைத்தால் சதை வேகமாக உப்பும், தோல் ஈடு கொடுக்க முடியாமல் பிளக்கும். பெருமழைக்கு முன்னால் நிறம் மாறிய பழங்களைப் பறித்துவிடுவது நல்லது.

மேலே மூன்று விரல் கனத்துக்கு வைக்கோல், காய்ந்த இலை என்று மூடாக்கு போடுங்கள். தண்டை ஒட்டாமல் கொஞ்சம் இடைவெளி விட வேண்டும். வெயில் காலத்தில் இது மிச்சப்படுத்தும் தண்ணீர் கொஞ்சநஞ்சமல்ல.

உரம்

அடி ஓட்டை வழியாகத் தண்ணீரோடு சத்தும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும், அதனால் தொட்டிச் செடிக்கு மேலுரம் அவசியம். நட்டு மூன்று வாரம் வரை கலவையில் உள்ளதே போதும். அப்புறம் 10 முதல் 14 நாளுக்கு ஒருமுறை கரையும் உரம். முதலில் தழை, மணி, சாம்பல் என்ற மூன்று சத்தும் சம அளவில் உள்ள 19:19:19, பூக்கத் தொடங்கியதும் சாம்பல்சத்து (பொட்டாசியம்) கூடுதலாக உள்ள தக்காளி உரம். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவில் பாதியை எடுத்து, ஈரமாக இருக்கும் மண்ணில் ஊற்றுங்கள். இயற்கை வழியில் போக விரும்புகிறவர்கள் 15 நாளுக்கு ஒருமுறை இரண்டு கை மண்புழு உரம் போட்டுக் கிளறிவிடலாம்.

செடி கரும்பச்சையாகத் தழைத்துக்கொண்டு, பூவே விடாமல் இருந்தால் தழைச்சத்தை நிறுத்துங்கள். கீழ் இலைகளில் நரம்பு பச்சையாகவும் நடுவில் மஞ்சளாகவும் இருந்தால் மெக்னீசியம் குறைவு. ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு டீஸ்பூன் எப்சம் உப்பு கரைத்து மாலையில் இலைமேல் தெளிக்கலாம்.

முட்டும் கவாத்தும்

பழைய பருத்தித் துணியைக் கிழித்து, எட்டு வடிவத்தில் தளர்வாகக் கட்டுங்கள். தண்டு பருக்க இடம் இருக்க வேண்டும்.

இலைக்கும் தண்டுக்கும் இடையே, கக்கத்தில் ஒரு துளிர் வரும். இதைப் பக்கச் சிம்பு என்பார்கள். கொடி ரகத்தில் இவற்றை விரல் நீளத்துக்கு முன்பே கிள்ளிவிட்டு ஒன்று அல்லது இரண்டு தண்டு மட்டும் விடுங்கள். தானாக நிற்கும் ரகத்தில் கிள்ளவே கூடாது. அதில் காய்ப்பதே அந்தக் கிளைகளில்தான். முதல் பூங்கொத்துக்குக் கீழே உள்ளவற்றை மட்டும் எடுக்கலாம். கிள்ளிய பெரிய சிம்பை எறிய வேண்டாம், தண்ணீரில் வைத்தால் ஒன்றிரண்டு வாரத்தில் வேர் விட்டு இன்னொரு செடியாகிவிடும். மண்ணைத் தொடும் இலைகளை எந்த ரகமானாலும் எடுத்துவிடுங்கள். மண்ணிலிருந்து தெறிக்கும் நீரோடுதான் பல இலை நோய்கள் ஏறுகின்றன.

பூ

தக்காளிப் பூவில் ஆணும் பெண்ணும் ஒன்றாகவே இருக்கும், இன்னொரு செடி வேண்டியதில்லை. ஆனால் மகரந்தம் மஞ்சள் குழல் போன்ற பைக்குள் அடைபட்டிருக்கும், அதிர்வு இருந்தால்தான் கொட்டும். வெளியில் காற்று அந்த வேலையைச் செய்துவிடும். தேனீக்களில் சில இனங்கள் பூவைப் பிடித்துக்கொண்டு சிறகுத் தசையை அதிரவைத்து மகரந்தத்தை உதிர்க்கும். காற்று வராத பால்கனியிலோ உயரமான மாடியிலோ இரண்டும் இருக்காது. அங்கே காலை பத்து மணிவாக்கில், பூங்கொத்தின் காம்பைப் பின்பக்கமாக விரலால் மெல்லச் சுண்டுங்கள். எலெக்ட்ரிக் டூத்பிரஷ்ஷின் முதுகை வைத்தால் இன்னும் நன்றாக உதிரும். ஒரு பூவுக்கு இரண்டு விநாடி, ஒருநாள் விட்டு ஒருநாள் செய்தால் போதும். பூக் காம்பின் நடுவில் உள்ள முட்டி மஞ்சளாகிப் பூ உதிர்ந்தால் காய் பிடிக்கவில்லை என்று அர்த்தம். பிடித்த பூவின் இதழ் சுருங்கும், காம்பு பச்சையாகவே நிற்கும்.

பூச்சியும் நோயும்

தினமும் இரண்டு நிமிடம் இலையைத் திருப்பிப் பாருங்கள், இதைவிட நல்ல மருந்து இல்லை. அசுவினியும் மாவுப்பூச்சியும் கொஞ்சமாக இருக்கும்போதே தண்ணீரை வேகமாக அடித்தோ விரலால் வழித்தோ எடுத்துவிடலாம். பெருகிவிட்டால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெயும் சில சொட்டு மென்மையான சோப்புக் கரைசலும் கலந்து, வெயில் தாழ்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். இலையில் வெள்ளைக் கோடு வளைந்து வளைந்து போனால் உள்ளே புழு இருக்கிறது. அந்த இலையைக் கிள்ளி நசுக்கினால் வேலை முடிந்தது.

பயப்பட வேண்டியது வெள்ளை ஈக்குத்தான். அது சாறு உறிஞ்சுவதோடு போகாமல், இலைச்சுருட்டை வைரஸையும் கொண்டுவரும். நுனி இலைகள் சிறுத்து, மேல்நோக்கிக் குவிந்து, ஓரம் மஞ்சளாகி, செடி குட்டையாக நின்றுவிட்டால் அதுதான். இதற்கு மருந்தே கிடையாது. வருத்தமாகத்தான் இருக்கும், ஆனாலும் அந்தச் செடியைப் பையில் போட்டுக் கட்டி அப்புறப்படுத்தாவிட்டால் பக்கத்துத் தொட்டிகளுக்கும் போகும். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தால் ஈ வந்திருப்பது சீக்கிரம் தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கவனியுங்கள்: நுனி நன்றாக இருந்து, கீழ் இலைகள் மட்டும் தடித்து உள்நோக்கிச் சுருண்டிருந்தால் அது வைரஸ் இல்லை. வெயிலையும் தண்ணீர்க் குறைவையும் தாங்கச் செடி தானாகச் செய்துகொள்ளும் ஏற்பாடு. அவசரப்பட்டுப் பிடுங்கிவிடாதீர்கள்.

கீழ் இலைகளில் வட்டத்துக்குள் வட்டமாகப் பழுப்புப் புள்ளி வந்தால் இலைக்கருகல். அந்த இலைகளை எடுத்து, செடிகளுக்கு இடையே காற்று போக இடம் விடுங்கள். மண் ஈரமாக இருந்தும் பச்சைச் செடி ஓரிரு நாளில் அப்படியே சரிந்துவிட்டால் பாக்டீரியா வாடலாக இருக்கலாம். அடித்தண்டில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து, வெட்டுவாய் மட்டும் முங்கும்படி அசையாமல் பிடித்துப் பாருங்கள். சில நிமிடத்தில் வெட்டுவாயிலிருந்து பால்போல் மெல்லிய இழை இறங்கினால் சந்தேகமே வேண்டாம். செடியோடு கலவையையும் சேர்த்து அகற்ற வேண்டியதுதான்.

புகையிலை தொட்ட கையோடு செடியைத் தொடாதீர்கள், அதிலிருக்கும் மொசைக் வைரஸ் தக்காளிக்கும் தொற்றும்.

பறிப்பதும் அதற்குப் பிறகும்

நட்டதிலிருந்து 60 முதல் 85 நாளில் முதல் பழம் வரும். அடியில் லேசாகச் சிவப்போடிய செங்காயாகப் பறித்து வீட்டுக்குள் பழுக்க வைத்தாலும் சுவை பெரிதாகக் குறையாது. பறவை, அணில் தொல்லை இருக்கும் இடத்தில் இதுதான் வழி. 30 டிகிரிக்கு மேல் சிவப்பு நிறமி சரியாக உண்டாகாது. அதனால் கடும் வெயிலில் செடியிலேயே விட்டால் பழம் ஆரஞ்சாகவே நின்றுவிடும். பழுக்காததை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள், குளிரில் வாசனை போய்விடும், பழுப்பதும் நின்றுவிடும்.

விதை எடுப்பதானால் வீரிய ஒட்டு ரகத்தை விட்டுவிடுங்கள், அடுத்த தலைமுறை தாயைப் போல வராது. நாட்டு ரகத்தில் நன்றாகக் காய்த்த செடியின் முழுதாகப் பழுத்த பழத்தைப் பிழிந்து, வழவழப்போடு ஒரு கிண்ணத்தில் இரண்டு மூன்று நாள் புளிக்க விடுங்கள். வழவழப்பு கரைந்து நல்ல விதை அடியில் தங்கும். அலசி, தட்டில் பரப்பி நிழலில் உலர்த்துங்கள். ஈரம் படாமல் வைத்தால் நான்கைந்து வருடம்வரை முளைக்கும்.

செடி ஓய்ந்த பிறகு அதே கலவையில் உடனே தக்காளியோ, அதன் குடும்பத்தைச் சேர்ந்த கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கோ வைக்காதீர்கள். வேர்களைப் பொறுக்கிவிட்டு, மூன்றில் ஒரு பங்கு புது உரம் கலந்து, ஒரு பருவம் கீரையோ அவரையோ போடுங்கள். வாடல் நோயில் செடி போன தொட்டி என்றால் கலவையை அப்புறப்படுத்திவிட்டு, ஒரு பங்கு பிளீச் கரைசலுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தொட்டியின் உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகே மறுபடி பயன்படுத்துங்கள்.